ஔடத தானமும் மூலிகைச் சாரமும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கோட்டாறு என்னும் ஊர்ப்பெயர் சமணர்க்குப் புதியதன்று. கழுகுமலைப் பாறையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ்க் காணும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளில், 'திருக்கோட்டாற்று' என்னும் அடைமொழியோடு சமண ஆசிரியர்கள் குறிக்கப்பெறுகின்றனர். அவ்வூர் இன்று நாகர்கோவில் மாநகரின் ஒரு பகுதி. அங்குள்ள நாகராசர் கோயில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சமணர் தலமாக விளங்கியது என்பதை அக்கோயிற் கல்வெட்டுகள் உணர்த்துகின்றன. குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்னும் பெயர்கள் அவற்றில் உள்ளன. பார்சுவநாதர், மகாவீரர் திருவுருவங்களை அங்குள்ள தூண்களில் இன்றும் காணலாம்.

அந்தக் கோட்டாற்றில் இக்காலத்தில் காணத்தக்கவை இரண்டு. ஒன்று, பழைமையான கடைவீதி. சுக்கு, திப்பிலி, கடுக்காய், காய்ந்த வேர், பட்டை முதலியன நாட்டு மருந்துக் கடைகளில் நிறுத்து விற்கப்படுகின்றன. மற்றொன்று, 2009ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி. கடையும் கல்லூரியும் ஒரே ஊரில் உள்ளன. ஆயினும், கடையில் வாங்கும் மூலிகைக்கும் சோதித்துத் தெளிந்த மருந்துக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. அத்தொலைவை அளந்தறிவதே இவ்வுரையின் நோக்கம். அதற்கு எடுத்துக்காட்டாக அமைவது, பல இல்லங்களில் முதியோரையும் இளம் தாய்மாரையும் வருத்தும் அழற்சி மூட்டுவாதம்.

தானங்கள் நான்கு: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். பசித்தவர்க்கு உணவளிப்பது போன்றே நோயுற்றவர்க்கு மருந்தளிப்பதும் இல்லறத்தார் கடமை என விதித்தது சமண அறம். நீதி நூலுக்கே மருந்தின் பெயரைச் சூட்டினர் சமணப் புலவர். ஏலம், இலவங்கம், நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறும் சேர்ந்த மருந்தின் பெயரால் கணிமேதாவியார் ஏலாதியை யாத்தார். ஐந்து வேர்கள் சேர்ந்த மருந்தின் பெயரால் காரியாசான் சிறுபஞ்சமூலத்தை யாத்தார். பூர்வ ஆகமங்கள் 14இல் பிராணாவாயம் என்பது மருத்துவம் பற்றியது. அம்மரபில் வந்த உக்கிராதித்தாசாரியர், 9ஆம் நூற்றாண்டில் கல்யாணகாரகம் என்னும் வடமொழி மருத்துவ நூலை இயற்றினார். ஊன், கள், தேன் ஆகிய மூன்றையும் நீக்கியே மருந்து செய்ய இயலும் என நாட்டியது அந்நூல். மருந்து என்ற பெயரால் எதையும் ஏற்கலாகாது, ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்னும் தெளிவு அன்றே இருந்தது.

இனி நோயின் இயல்பைக் காண்போர்க்கு முதலில் ஒரு வேறுபாடு தெளிவாக வேண்டும். மூட்டுவலி என்னும் ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கியுள்ளன. வயது முதிர்வாலும் உடற்பருமனாலும் முழங்கால் முதலியவற்றின் குருத்தெலும்பு தேய்வது ஒரு வகை. அது தேய்மான மூட்டுவாதம். யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் தங்கி, கால் பெருவிரலைச் சிவக்க வைத்து வீங்கச் செய்வது மற்றொரு வகை. அது கவுட். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தடம் மாறி மூட்டின் உட்சவ்வைத் தாக்குவது மூன்றாம் வகை. அதுவே முடக்குவாதம். பின் கூறிய இரண்டும் அழற்சி மூட்டுவாதம் என்னும் பிரிவில் அடங்கும். வாத நோய்களை 80 என வகுத்தது யூகி வைத்திய சிந்தாமணி. அவ்வகைப்பாட்டில் வரும் உதிரவாத சுரோணிதத்தை முடக்குவாதத்தோடு ஒப்பிடுவர் இக்காலச் சித்த மருத்துவர்.

முடக்குவாதத்தில் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 முதலிய புரதங்கள் அளவின்றிச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் மூட்டுச் சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் 1.8 கோடிப் பேர் இந்நோயோடு வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பெண்கள். வைகறையில் எழுந்த தாய் ஒருத்தி, விரல்கள் மடங்காமல் கதவின் தாழ்ப்பாளை நீக்க இயலாது நிற்கிறாள். ஒரு மணி நேரத்திற்குப் பின்னரே கை இளகுகிறது. இரு கைகளிலும் ஒரே மூட்டுகள் வீங்குகின்றன. இவை தேய்மானத்தின் அடையாளங்கள் அல்ல.

இந்நோயில் காலமே உயிர்நாடி. எலும்பரிப்பு பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அரித்த எலும்பை எம்மருந்தாலும் முன்போல் ஆக்க முடியாது. ஆகவே நோய் தோன்றிய முதற் சில மாதங்களிலேயே அதன் போக்கைத் தடுக்கும் மருந்தைத் தொடங்க வேண்டும் என்கின்றனர் மூட்டுவாத மருத்துவர். 'ஆறு மாதம் கஷாயம் குடித்துப் பார்ப்போம்' என்று அன்பினால் கூறப்படும் அறிவுரை, அத்தாயின் விரல்களை நிலையாகக் கோணச் செய்துவிடக்கூடும். ஔடத தானம் தீங்காக மாறும் இடம் இதுவே.

ஆயின் மூலிகைகள் பயனற்றவையோ எனின், அன்று. மூட்டுநோய் மருந்துகளின் வரலாறே தாவரங்களில்தான் தொடங்குகிறது. 1763இல் எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார், வில்லோ மரப்பட்டையின் தூள் காய்ச்சலைத் தணிப்பதை எழுதி வெளியிட்டார். அப்பட்டையிலுள்ள சாலிசின் பற்றிய ஆராய்ச்சியின் வழியே, 1897இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஆஸ்பிரின் உருவாயிற்று. தமிழகத்திலேயே மற்றொரு சான்று உண்டு. மாநில மலராகிய செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்னும் பொருள் உள்ளது. கவுட் நோய்க்கு இன்றும் மருத்துவர் எழுதித்தரும் மருந்து அது. மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் அதன் விதைக்காகவே உழவர் செங்காந்தளைப் பயிரிடுகின்றனர். ஆனால் அச்செடியின் கிழங்கை உண்டு மாண்டவரும் பலர். மில்லிகிராம் அளவில் மருந்தாவது, கிழங்காக உண்டால் நஞ்சாகிறது. சாரம் என்பதன் பொருளை இந்த ஒரு செடியே உணர்த்திவிடும். தாவரத்திலிருந்து பயன்தரும் பொருளைப் பிரித்து, அளவிட்டு, ஒவ்வொரு முறையும் அதே அளவில் கிடைக்கச் செய்வதே சாரம். அடுப்பில் கொதிக்கும் கஷாயமும் ஆய்வுக்கூடத்துச் சாரமும் ஒன்றல்ல.

இங்கே சமண தரிசனம் ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது. எந்தக் கூற்றும் ஒரு நோக்கில் மட்டுமே உண்மை என்பது அநேகாந்தம். 'சியாத்', அதாவது 'ஒரு வகையால்' என்னும் அடைமொழியோடு பேசுவது சியாத்வாதம். 'இம்மூலிகை முடக்குவாதத்தைக் குணப்படுத்துகிறது' என்னும் செய்தியைக் காணும்போது எழுப்ப வேண்டிய வினாவும் அதுவே. எந்த வகையால் உண்மை? கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த உயிரணுவிலா, எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரில், எத்தனை நாள், எதனோடு ஒப்பிட்டு?

முதலில் முடக்கறுத்தானை எடுத்துக்கொள்ளலாம். முடக்கை அறுப்பது என்று பெயரிலேயே பயனைச் சுமந்த கொடி இது. புறத்திணையில் மதில் வளைப்போர் சூடும் உழிஞை இக்கொடியே எனக் கருதுவோர் உண்டு. குமரி மாவட்டத்தை ஒட்டிய மலையாள நாட்டில் உழிஞ்ஞ என்பதே இன்றும் இதன் பெயர். கோட்டாற்றிலிருந்து தொலைவில் அல்லாத திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தில் இது ஆராயப்பெற்று, 2009இல் முடிவு வெளியாயிற்று. சாராயத்தில், அதாவது எத்தனாலில், பிரித்தெடுத்த இதன் சாரம், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். ஆல்ஃபா முதலியவற்றை அடக்கியது என அவ்வாய்வு கண்டது. நற்செய்திதான். ஆயினும் அது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த எலியின் உயிரணுக்களில் கண்ட உண்மை. நோயுற்ற மனிதரின் மூட்டில் கண்ட உண்மை அன்று. முடக்கறுத்தான் தோசையும் இரசமும் உணவாக நல்லவை. அவற்றை மருந்தின் இடத்தில் வைப்பதற்கு இவ்வாய்வு சான்றாகாது.

அடுத்தது மஞ்சள். 2012இல் வெளியான கேரள ஆய்வு ஒன்றில் முடக்குவாத நோயாளர் 45 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு மஞ்சளின் சாரமாகிய குர்குமின் 500 மில்லிகிராம், மற்றொரு பிரிவினர்க்கு டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி, மூன்றாம் பிரிவினர்க்கு இரண்டும் அளிக்கப்பெற்றன. குர்குமின் பெற்றோரின் வீக்கமும் வலியும் நன்கு குறைந்தன. இது மனிதரில் கண்ட உண்மை. ஒரு படி மேலானது. ஆனால் ஒரு பிரிவுக்கு 15 பேர்தான். ஒப்பிடப்பட்டதும் வலிநீக்கியே; நோயின் போக்கைத் தடுக்கும் மருந்து அன்று. மேலும், மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடே உள்ளது. 500 மில்லிகிராம் குர்குமினுக்கு 16 கிராமுக்கும் மேலான மஞ்சள்தூள் வேண்டும். சாம்பாரில் இடும் ஒரு சிட்டிகையில் அது கிடையாது. குடலும் குர்குமினை எளிதில் ஏற்பதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் உடன் சேர்ந்தால் மனிதர் இரத்தத்தில் அது 20 மடங்கு மிகுதியாகச் சேர்வதைப் பெங்களூர் ஆய்வாளர் 1998இல் கண்டனர்.

குந்துருக்கப் பிசின், சல்லகி என்ற பெயரில் மாத்திரையாக மிகுதியும் விற்பனையாகிறது. 2003இல் நாகபுரியில், முழங்கால் தேய்மானம் உடைய 30 பேரிடம் இது வலியைக் குறைத்தது. ஆனால் 1998இல் ஜெர்மனியில் முடக்குவாதம் உடைய 37 பேரிடம் சோதித்தபோது குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. இரண்டும் உண்மையே. நோய் வேறு, ஆகவே விடையும் வேறு. 'மூட்டுவலிக்கு நல்லது' என்று பொதுப்படக் கூறுவது எத்துணைப் பிழையாகக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்த சிறந்த சோதனை ஒன்றுண்டு. கோயம்புத்தூரின் ஆயுர்வேத அறக்கட்டளை, லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளரோடு இணைந்து அதனை நடத்தியது. 2011இல் முடிவு வெளியாயிற்று. முடக்குவாத நோயாளர் 43 பேரில் ஒரு பிரிவினர்க்கு ஆயுர்வேத மருந்துகள், மற்றொரு பிரிவினர்க்கு ஆங்கில மருத்துவத்தின் முதன்மை மருந்தாகிய மெத்தோட்ரெக்சேட், மூன்றாம் பிரிவினர்க்கு இரண்டும் அளிக்கப்பெற்றன. யாருக்கு எது என்பது நோயாளர்க்கும் தெரியாது. அளவிட்ட மருத்துவர்க்கும் தெரியாது. மருந்தில்லாத போலி மாத்திரைகள் அதற்காகவே செய்யப்பெற்றன. 36 வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒத்த அளவில் நலம் பெற்றனர். மரபு மருத்துவம் தராசில் ஏறி நிற்கத் தயங்க வேண்டியதில்லை என இச்சோதனை காட்டியது. ஆயினும் இது முன்னோடிச் சோதனை எனவும், பெரிய அளவில் மீண்டும் செய்தாலன்றி முடிவு கூறலாகாது எனவும் அதனை நடத்தியவர்களே எழுதினர். அந்த அடக்கமும் நன்ஞானத்தின் இலக்கணமே.

சீனத்தில் லெய் குங் தெங் என வழங்கும் கொடியின் வேர்ச்சாரம் இன்னும் வலிமையானது. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 121 பேர் பங்கேற்றனர். 24 வாரமும் மருந்தைத் தொடர்ந்தோருள் இச்சாரம் பெற்ற 65 விழுக்காட்டினர் நலம் கண்டனர். ஒப்பிட்ட சல்ஃபசலசின் மருந்தில் அது 33 விழுக்காடே. ஆனால் பலர் இடையில் நின்றுவிட்டனர். அக்கொடி மகளிரின் மாதவிலக்கை நிறுத்தவும், ஆடவரின் மகப்பேற்று ஆற்றலைக் குறைக்கவும் வல்லது. அதன் இலையும் பூவும் நஞ்சு. வலிமை உள்ள இடத்தில் தீமையும் உண்டு. 'மூலிகைதானே, பக்கவிளைவு இராது' என்னும் எண்ணம் நற்காட்சி ஆகாது.

அத்தீமை அயல்நாட்டு மூலிகைக்கு மட்டும் உரியதன்று. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் என்று கருதிப் பெருந்தொற்றுக் காலத்தில் பலர் சீந்தில் அருந்தினர். அவ்வாறு அருந்திய 6 பேர்க்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர் 2021இல் பதிவு செய்தனர். ஆயுஷ் அமைச்சகம் அம்முடிவை மறுத்துரைத்தது. வழக்கு எவ்வாறு முடியினும், எதிர்ப்பாற்றலே பகையாகிவிட்ட முடக்குவாத நோயாளர் அதனைத் தூண்டும் பொருளைத் தாமே உண்பது முறையன்று. மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலை வருத்தக்கூடியது. அதனோடு அறியா மூலிகையும் சேர்ந்தால் சுமை இரட்டிக்கும். 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது, 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் மிகுந்திருந்தது. பெயரற்ற பொட்டலத்தில் வரும் பொடி மூன்றே நாளில் வலியை முற்றும் நீக்கினால், மகிழ்வதற்கு முன் அதில் ஸ்டீராய்டு கலந்துள்ளதோ என ஐயுற வேண்டும்.

அகிம்சை நெறியினர்க்கு வேறொரு கேள்வியும் உண்டு. மூட்டுவலி மாத்திரைகளில் பெரும்பாலும் சேரும் குளுக்கோசமின், நண்டு, இறால் ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. காண்ட்ராய்டின் விலங்கின் குருத்தெலும்பிலிருந்து வருவது. மெல்லிய உறை பெரும்பாலும் ஜெலட்டின். அது விலங்கின் எலும்பும் தோலும் தந்தது. தாவர உறையில் கிடைக்குமா என மருந்தாளரைக் கேட்பது தவறன்று. உக்கிராதித்தர் எழுப்பிய வினாவின் தொடர்ச்சியே அது. பல இல்லங்களில் பச்சை இஞ்சியை விலக்கிச் சுக்கையும் காய்ந்த மஞ்சளையும் ஏற்பது போல, இதிலும் விலக்குவதற்கும் ஏற்பதற்கும் வழி உண்டு.

ஆழமான இடர் ஒன்று எஞ்சுகிறது. சாரங்களைச் சோதிக்க எலியின் பாதத்தில் மருந்தேற்றி, அழற்சியை வலிந்து உண்டாக்குகின்றனர். நோயுற்ற தாயின் விரலைக் காக்க ஐயறிவுயிரின் காலை வீங்கச் செய்வதோ என மனம் நடுங்குவது இயல்பே. இதற்கு எளிய விடை இல்லை. ஆயினும் உலகம் அசைந்து வருகிறது. விலங்கைத் தவிர்த்தல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை ரசல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் 1959இல் வகுத்தனர். இந்திய மருந்துச் சோதனை விதிகள் 2023இல் திருத்தப்பெற்று, விலங்கில்லாச் சோதனை முறைகளுக்கும் இடம் தந்தன. நெடுங்காலம் மக்கள் பயன்படுத்திய மூலிகையை, நோயாளரின் இசைவோடு மருத்துவமனையில் முறையாக ஆராய்ந்து, பின்னர் ஆய்வுக்கூடத்துக்குச் செல்லும் வழியும் உண்டு. அவ்வழியில் மரபு மருத்துவத்திற்கு முன்னுரிமை கிடைக்கும், உயிர்க்கொலையும் குறையும்.

தாவரமும் ஓரறிவுயிரே. நாவல் மரத்தை வேரோடு வீழ்த்த நினைத்தவன் முதல், உதிர்ந்த கனியே போதும் என்றவன் வரை அறுவரை நிறுத்தி, இலேசியை ஆறினையும் விளக்கும் கதையை அறியாத சமண இல்லம் இராது. இலையால் ஆகும் மருந்துக்கு வேரைப் பறிக்காமையும், காட்டுக் கொடியைத் தேடி அழிக்காமல் தோட்டத்தில் வளர்த்துக்கொள்வதும் அக்கதையின் இன்றைய பொருள்.

ஆகவே இல்லறத்தார் மேற்கொள்ள வேண்டியவை சில. கை மூட்டுகள் ஆறு வாரத்துக்கு மேல் வீங்கியிருப்பினும், காலைப் பிடிப்பு அரை மணிக்கு மேல் நீடிப்பினும், மூட்டுவாத மருத்துவரைக் காண்பதே முதற்கடன். மெத்தோட்ரெக்சேட் முடக்குவாதத்திற்கு வாரம் ஒருமுறை மட்டுமே உண்ணும் மருந்து. நாள்தோறும் உண்டால் உயிர்க்கே தீங்கு. வீட்டில் ஒருவர் அந்நாளைக் குறித்து நினைவூட்டுவது நல்ல தொண்டு. சித்த, ஆயுர்வேத மருந்தை விரும்புவோர் பட்டம் பெற்ற மருத்துவரிடம் பெறுக; இரு மருத்துவர்க்கும் மற்றவர் மருந்தைச் சொல்லுக. நடைமுறை மருந்தைத் தாமே நிறுத்தற்க. விழாக்களில் மருத்துவ முகாம் நடத்தும் அறக்கட்டளைகள், மருந்து வழங்குவதோடு நோயை இனம் காணும் இரத்தப் பரிசோதனைக்கும் பொருளுதவி செய்யின், அதுவும் ஔடத தானமே.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் வரிசையில் காட்சியே முன்நிற்கிறது. நோயை உள்ளவாறு காண்பது நற்காட்சி. மருந்தின் பயனையும் எல்லையையும் அறிவது நன்ஞானம். காலந்தாழ்த்தாது, தீங்கின்றி அளிப்பது நல்லொழுக்கம். திருக்கோட்டாற்றுப் பெரியோர் மாணாக்கர்க்கு உரைத்த அறமும் இம்மும்மணியே. மருந்து கொடுக்கும் கை அதனை ஆராய்ந்த கையாகவும் இருக்குமாயின், வைகறையில் தாழ்ப்பாளை நீக்கும் விரல்கள் கோணாமல் இருக்கும்.

அறம் வளர்க. நோயற்ற வாழ்வு யாவர்க்கும் வாய்க்க.